ஆணி அடிக்கக் கூடாது

ஜூன் 9, ஞாயிறு

டாக்டர் கத்தக் கூடாது என்று சொல்லிவிட்டார். ரத்த அழுத்தம் ஏறியிருக்கிறதாம். "கோவம் வந்தா வாயத் தொறக்காதீங்க சார், ஒரு நோட்டுல எழுதிடுங்க" என்றார். எழுதினால் இறங்கும் என்று எந்தப் புத்தகத்தில் படித்தாரோ. ஜனவரியில் டைல்ஸ் கம்பெனிக்காரன் நான் வேலை பார்க்கும் கடைக்குக் கொடுத்த டைரி ஒன்று மடிப்புக் கலையாமல் கிடந்தது. சரி, இதில் கத்துகிறேன்.

இன்றைக்கு நான் கத்தியிருக்க வேண்டிய ஆள் வீட்டுக்காரர் சீத்தாபதி. கீழ்வீட்டில் இருப்பவர், காலையில் மாடிக்கு ஏறி வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. அப்போதே தெரிந்துவிட்டது.

"ஏகாம்பரம் சார், பையன் பெங்களூர்லேர்ந்து திரும்பி வரான். மாடி அவனுக்கு வேணும். ஜூலையோட காலி பண்ணிக் குடுத்துடுங்க."

"ஜூலைன்னா ஆடி சார். ஆடியில எவன் குடி மாறுவான்?"

"நீங்கதான் இதெல்லாம் நம்ப மாட்டீங்களே?"

"நான் நம்பல. எங்கப்பா நம்புவாரு."

ஆவணி பிறந்து முதல் வாரம் என்று முடிந்தது. பேசும்போதே அவர் கண் சுவர் சுவராக மேய்ந்தது. ஆணி தேடுகிறார். நித்திலா பிறப்பதற்கு முன்னால் இந்த அயனாவரம் வீட்டுக்கு வந்த அன்று அவர் சொன்ன முதல் வாக்கியமே, 'செவுத்துல ஆணி மட்டும் அடிக்கக் கூடாது' என்பதுதான். என் மகள் இப்போது காலேஜ் இரண்டாம் வருடம். இன்றுவரை எங்கள் வீட்டுக் காலண்டர் ஃபிரிட்ஜின் மேல் சாய்ந்து நிற்கிறது. கல்யாணப் போட்டோ பீரோவுக்குள் இருக்கிறது. இவ்வளவு மரியாதையாக இருந்தவனுக்கு இதுதான் கிடைக்கிறது.

ஜூன் 13, வியாழன்

புரோக்கர் மூன்று வீடு காட்டினான். மூன்று இடத்திலும் ஒரே கேள்வி. எத்தனை பேர், என்ன வேலை, விருந்தாளி அடிக்கடி வருவார்களா. பெண் பார்க்கும் இடத்தில்கூட இவ்வளவு கேட்பதில்லை.

மூன்றாவது வீட்டு அம்மாள், "பெரியவர் யாராவது இருக்காங்களா?" என்றாள். அப்பா இருக்கிறார், எண்பது ஆகிறது என்றேன். "நடக்கிறாரா?" முட்டி சரியில்லை, படி இறங்க முடியாது என்றேன். அந்த அம்மாள் வருத்தப்படுவதுபோல் முகத்தை வைத்துக்கொண்டு, "அதுக்கில்ல சார், புது வீடு. ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா அப்புறம் யாரும் குடி வரமாட்டாங்க" என்றாள்.

என் அப்பா சாவதற்கு அவளிடம் அனுமதி கேட்க வேண்டுமாம். வாய்க்கு வந்தபடி கேட்டுவிட்டு வந்திருப்பேன். டாக்டர் ஞாபகம் வந்து தொலைத்தது.

இதை வீட்டில் சொல்லும்போது அப்பா காதில் விழாது என்று நினைத்தேன். விழுந்திருக்கிறது. ராத்திரி சாப்பாட்டில் பாதியை வைத்துவிட்டார்.

ஜூன் 16, ஞாயிறு

பூங்கோதை, என் மனைவி, இன்று இட்லி ஊற்றிக்கொண்டே சொன்னாள்: "வாடகைக்குப் பார்க்க வேணாங்க. வாங்கிடலாம்."

ஏதோ கொத்தமல்லிக்கட்டு வாங்குவதுபோல் சொல்கிறாள். அரசு உதவி பெறும் பள்ளியில் கணக்கு டீச்சர். கணக்குத் தெரிந்தவள் இப்படிப் பேசலாமா?

சென்னையில் சொந்த வீடு வாங்குகிறவன் எப்படிப்பட்டவன் என்று எனக்குத் தெரியும். கடையில் தினமும் பார்க்கிறேன். டைல்ஸ் பார்க்க வரும்போதே முகத்தில் கடன் தெரியும். தவணை முடியும்போது தலையில் முடி இருக்காது. வாடகைக்காரனுக்கு ஒரு சீத்தாபதிதான். இவனுக்கு பேங்க், பில்டர், அசோசியேஷன் என்று பத்து சீத்தாபதி.

அவளுக்கு இது புதிதல்ல. நித்திலா பிறந்த வருடம் மாதவரத்தில் ஒரு மனை என்று இழுத்துக்கொண்டு போனாள். பாம்பும் முள்ளும்தான் இருந்தன, வேண்டாம் என்றேன். இப்போது அங்கே ஜவுளிக்கடை இருக்கிறது, அதற்கு நான் என்ன செய்ய? அப்புறம் கொரோனாவுக்கு முன்னால் ஒரு ஃபிளாட். ஃபிளாட் என்பது வீடே அல்ல, மண் இல்லாமல் அந்தரத்தில் தொங்குவது என்று விளக்கினேன். சரியாகத்தான் சொன்னேன்.

உண்மையில் கோபப்பட வேண்டியது அப்பா மேல். மில்லில் வேலை பார்த்த காலத்தில் வேளச்சேரியில் மனையைச் சும்மா கொடுப்பதுபோல் கொடுத்தார்கள், ஏரி என்று சொல்லி விட்டுவிட்டார். இதை நான் அவரிடம் எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன். இன்றும் கேட்டேன். ஒரு மனிதனுக்கு இவ்வளவு கூடவா முன்யோசனை இருக்காது?

ஜூன் 20, வியாழன்

கோதை அரைநாள் லீவு போட்டு என்னை பேங்குக்குக் கூட்டிக்கொண்டு போனாள். சும்மா விசாரிக்கத்தான் என்றாள்.

கடன் பிரிவில் ஒரு சின்னப் பெண். நித்திலாவைவிட நாலைந்து வயது கூட இருக்கும். நான்தான் எதிரே உட்கார்ந்தேன். நான்தான் பேச்சை ஆரம்பித்தேன். அந்தப் பெண் என்னைப் பார்த்துக்கொண்டே கோதையிடம் கேட்டாள்: "மேடம், உங்களுக்கு ரிட்டயர்மென்ட்டுக்கு இன்னும் எத்தனை வருஷம் இருக்கு?" பிறகு எனக்கு எத்தனை வயது என்றாள். ஐம்பத்து மூன்று. "ஓ" என்றாள். அந்த 'ஓ'வை அவள் மேஜையிலேயே வைத்திருக்கலாம்.

"சாருக்கு சேலரி ஸ்லிப் இருக்கா மேடம்?"

எங்கள் கடையில் யாருக்கும் ஸ்லிப் கிடையாது. முதலாளி மாதம் பிறந்தால் கவரில் போட்டுக் கையில் கொடுப்பார். இருபது வருட சூப்பர்வைசர் நான். நகரத்தில் பாதிப் பேர் வீட்டுத் தரை நான் கைகாட்டியதுதான். அது ஸ்லிப்பில் வராது.

உள்ளே ஏசி வேலை செய்யவில்லை, புழுக்கமாக இருந்தது. வெளியே போய் டீ குடித்தேன். டீயும் சரியில்லை. அவர்கள் பேசி முடிக்க வெகுநேரமானது.

ஜூன் 30, ஞாயிறு

கொளத்தூரில் ஒரு ஃபிளாட் காட்டினாள். இரண்டாவது மாடி, லிஃப்ட் இருக்கிறது. யாரோ இருந்துவிட்டு விற்கிறார்கள். கோதைக்குப் பள்ளிக்கூடத்துக்கு ஒரே பஸ். நித்திலா உள்ளே நுழைந்ததும் சின்ன அறையைக் காட்டி, "இது என் ரூம்" என்றாள். இதுவரை ஹாலில் படித்தவள்தானே, படிக்கவில்லையா?

நான் பாத்ரூமுக்குப் போய் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டினேன். தண்ணீர் ஓட்டைப் பக்கம் போகாமல் கதவுப் பக்கம் வந்தது. வாட்டம் பார்க்காமல் டைல்ஸ் போட்டிருக்கிறான் எவனோ ஒரு மடையன். டைல்ஸும் கண்றாவி, ஊதா நிறத்தில் பூப்போட்டது. இதைச் சொன்னேன். நிலத்தில் நம் பங்கு எத்தனை சதுர அடி என்று கேட்டேன். தண்ணீர் லாரி வருமா என்று கேட்டேன். விற்கிறவன் திணறினான்.

 வரும் வழியில் கோதை பஸ்ஸில் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். வீட்டுக்கு வந்ததும் அப்பா கேட்ட முதல் கேள்வி, "லிஃப்ட் இருக்காமே?"

யார் சொன்னது என்று தெரியவில்லை.

ஜூலை 7, ஞாயிறு

கோதை மறுபடியும் ஆரம்பித்தாள். நான் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டேன். "ஆடி வரப்போகுது. ஆடியில நல்லது எதுவும் செய்யக் கூடாது. அப்பா மனசு கஷ்டப்படும். ஆவணியில பாத்துக்கலாம்."

"நீங்களா ஆடி பாக்குறீங்க?" என்றாள்.

"நான் பாக்கல. அப்பாவுக்காக."

"சரி" என்றாள். இவ்வளவு சுலபமாக 'சரி' சொல்லுவாள் என்று எதிர்பார்க்கவில்லை.

ஜூலை 17, புதன்

ஆடி பிறந்தது. தெருமுனை அம்மன் கோயிலில் விடியற்காலையிலிருந்து ஒலிபெருக்கி. இந்தச் சத்தத்தை எதிர்த்து முன்பு போலீசுக்கு மனு கொடுத்தவன் நான். இன்று ஏனோ அவ்வளவு எரிச்சல் வரவில்லை. கடையிலும் கூட்டமில்லை. ஒரு மாதத்துக்கு யாரும் வீடு என்ற வார்த்தையை எடுக்க மாட்டார்கள்.

ஜூலை 21, ஞாயிறு

கடைக்கு ஒரு புருஷன் பெண்டாட்டி வந்தார்கள். அவள் வெள்ளை என்கிறாள், அவன் பழுப்பு என்கிறான். ஒரு மணி நேரம் சண்டை. கடைசியில் அவள் போனை எடுத்து அவள் அண்ணனிடம் கேட்டு வெள்ளை என்று முடிவு செய்தாள். பில் போடும்போது அவன் என்னைப் பார்த்து, "பாதிப் பணம் மாமனார் வீட்டுது சார்" என்றான், நான் கேட்காமலேயே. இதற்குத்தான் சொந்த வீடு ஆகாது என்பது.

ஜூலை 25, வியாழன்

கோதை இந்த வாரம் மூன்றாவது தடவையாக லேட். ஸ்பெஷல் கிளாஸ் என்றாள். கையில் வளையல் இல்லை. சாக்பீஸ் தூசு படும் என்று கழற்றி வைத்திருப்பாள். அப்பாவின் ஆதார் கார்டை நித்திலா தேடிக்கொண்டிருந்தாள். எதற்கென்றால், "காலேஜ்ல ஃபேமிலி டீடெயில் கேட்டாங்கப்பா" என்கிறாள். பிள்ளைகளைப் படிக்க விடாமல் இந்தக் காலேஜ்கள் செய்கிற அட்டகாசம் தாங்கவில்லை.

ஜூலை 30, செவ்வாய்

பேனா முனை தாளைக் கிழிக்கிறது. கோபத்தில்தான்.

தலைவலி என்று சாயங்காலம் சீக்கிரமாக வீட்டுக்கு வந்தேன். பூட்டியிருந்தது. பூட்டின வீட்டுக்குள் அப்பா எப்படி இருப்பார்? திறந்து பார்த்தால் கட்டில் காலி. அவருடைய செருப்பைக் காணோம். ஒரு வருடமாகப் படி இறங்காத மனிதர்.  கோதைக்குப் போன் போட்டால் எடுக்கவில்லை. நித்திலாவும் எடுக்கவில்லை. ஓடி இறங்கினேன்.

சீத்தாபதி வாசலில் நின்று, "மத்தியானம் சேர்ல உக்கார வெச்சுத் தூக்கினு போனாங்களே சார். ஆட்டோக்காரன் ஒரு கை, பொண்ணு ஒரு கை. உங்களுக்குத் தெரியாதா?" என்றார்.

எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. தெருவில் நின்றுகொண்டு, வேளச்சேரியைப் பற்றி இனி அவரிடம் கேட்கவே மாட்டேன் என்று நினைத்தேன். அதை எதற்கு இங்கே எழுதுகிறேன்?

ஆறு மணிக்கு ஆட்டோ வந்தது. அப்பா சலவை வேட்டி கட்டியிருந்தார். மடியில் ஸ்வீட் பெட்டி. "ஏகா, லிஃப்டுல ஏறிப் பாத்துட்டேண்டா" என்றார்.

கொளத்தூர் ஃபிளாட்டைக் கோதை இன்று பத்திரம் பதிந்துவிட்டாள். அவள் பேரில், அவள் கடனில். சாட்சிக் கையெழுத்து யார் என்றால், என் அப்பாவும் என் மகளும்.

"யாரக் கேட்டுப் பண்ணின?" என்றேன்.

"யாரையும் கேக்கல."

"இன்னிக்கு என்ன கிழமைன்னு தெரியுமா? ஆடிச் செவ்வாய். மூணரைக்குப் பதிஞ்சிருக்க. ராகு காலம்."

சொன்ன பிறகுதான் என் வாயில் என்ன வந்தது என்று எனக்கே தெரிந்தது. என் கல்யாணத்தையே நாள் பார்க்காமல் செய்துகொண்டவன் நான். அவள்தான் வெள்ளிக்கிழமை விரதத்தை இன்றுவரை விடாதவள்.

"தெரியும்" என்றாள். "அதனாலதான் ஆபீஸ்ல ஈ காக்கா இல்ல. டோக்கன் உடனே கெடைச்சுது. விக்கிறவரும் ஆடியில வேற யாரு வருவாங்கன்னு எறங்கி வந்தாரு."

"ஆவணியில பாத்துக்கலாம்னு சொன்னேன் இல்ல?"

"ஆவணி வந்தா புரட்டாசிம்பீங்க. புரட்டாசியில யாரும் வீடு மாற மாட்டாங்க. அப்புறம் மழ. அப்புறம் மார்கழி. நித்திலா பொறந்ததுலேர்ந்து காலண்டர் பாத்துட்டேங்க. எனக்குப் போதும்."

"என் பேரு எங்க?"

"சேக்கலாம்னுதான் பேங்க்ல சொன்னாங்க. கேக்கறதுக்குத் திரும்பினேன். நீங்க எழுந்து வெளிய போயிட்டீங்க."

டீ குடிக்கப் போனவனை வெளியே போனதாகச் சொல்கிறாள். அப்பாவிடம் திரும்பினேன். "ஆடியில பதியறது உங்களுக்குக் கஷ்டமா இல்லையா?" என்று கேட்டேன்.

"எனக்கென்னடா கஷ்டம்? நான் பொறந்ததே ஆடியில. அந்தம்மா வீட்டுல செத்தா தப்புன்னாங்களே, அன்னிக்குத்தான் கஷ்டமா இருந்துச்சு. மருமக சொன்னா, மாமா, இது நம்ம வீடு, இங்க எப்ப வேணா இருங்க, எப்ப வேணா போங்கன்னு."

ஸ்வீட் பெட்டியை அவர் என் பக்கம் நகர்த்தினார். நான் தொடவில்லை.

ஆகஸ்ட் 1, வியாழன்

அந்த வீட்டுக்கு நான் வரப்போவதில்லை என்று சொல்லிவிட்டேன். எனக்கு ஒரு அறை போதும். கோதை தலையைக் கூட நிமிர்த்தாமல் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தாள். "உங்க இஷ்டம்" என்றாள். அழுவாள் என்று நினைத்தேன்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

புரோக்கரிடம் எனக்கு மட்டும் ஒரு அறை கேட்டேன். அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். "அன்னிக்கு நாலு பேருன்னீங்களே சார்?"

நாலு இடம் போனோம். முன்பு அப்பா இருப்பதால் வேண்டாம் என்றார்கள். இப்போது அப்பா இல்லாததால் வேண்டாம் என்கிறார்கள். "ஃபேமிலிக்கு மட்டும்தாங்க" என்று ஒருத்தர். "இந்த வயசுல தனியா ஏன் சார் வரீங்க, வீட்டுல ஏதாவது பிரச்சினையா?" என்று இன்னொருத்தர். கடைசி வீட்டில் கதவைப் பாதி மட்டும் திறந்து, "மிஸ்ஸஸ் எங்க?" என்றாள் ஒருத்தி. டீச்சர் என்றேன். "அவங்க வந்து பேசினா பாக்கலாம்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள்.

ஐம்பத்து மூன்று வருடம் இந்த ஊரில் வாழ்ந்தவன். எனக்கு ஜாமீன் என் பெண்டாட்டியாம். இந்த ஊரைக் கொளுத்த வேண்டும்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

புது வீட்டில் பால் காய்ச்சினார்கள். நான் போகவில்லை. ஆவணி முதல் ஞாயிறு, கடையில் கூட்டம். வந்தவர்கள் எல்லாரும் பல்லைக் காட்டிக்கொண்டு டைல்ஸ் வாங்கினார்கள்.

வீட்டுக்கு வந்தபோது மேஜைமேல் ஒரு டம்ளர் பால் மூடி வைத்திருந்தார்கள். கெட்டுப்போகுமே என்று குடித்தேன்.

ஆகஸ்ட் 22, வியாழன்

சாமான் ஏற்றும் நாள். ஆள் குறைவாக இருந்ததால்தான் லீவு போட்டேன். பீரோவை அந்தப் பையன்களிடம் விட்டால் கதவு போய்விடும்.

வீடு காலியானதும் சீத்தாபதி டார்ச் அடித்து ஒவ்வொரு சுவராகப் பார்த்தார். அட்வான்ஸில் கழிக்கக் காரணம் தேடுகிறார் என்று எனக்குத் தெரியாதா? "சார், என் வீட்டுல ஒரு ஆணி அடிச்சிருந்தா என் பேர மாத்தி வெச்சுக்கிறேன்" என்று சவால் விட்டேன். அவர் சமையலறைக் கதவுக்குப் பின்னால் டார்ச்சைத் திருப்பினார். ஒரு ஆணி. துருப்பிடித்து, தலை தேய்ந்து, பல வருடப் பழசு.

"இது நாங்க வர்றதுக்கு முன்னாடியே இருந்தது" என்று கத்தினேன். டாக்டரை மறந்துவிட்டேன். "உங்க பழைய குடித்தனக்காரனப் போய்க் கேளுங்க. என் வீட்டுல என்னக் கேக்காம ஒரு ஆணி ஏறாது."

"அது நான் அடிச்சது" என்றாள் கோதை. கையில் துடைப்பத்தோடு நின்றிருந்தாள். "நித்திலா கைக்கொழந்தையா இருந்தப்ப. பை மாட்ட எடம் இல்ல."

சீத்தாபதி சிரித்தார். நான் என்ன செய்ய முடியும்? அந்தக் கதவுக்குப் பின்னால் நான் போனதே இல்லை.

வண்டி முன்னால் போனது. நான் ஸ்கூட்டரில் பின்னால் போனேன். சாமான் சரியாக இறங்குகிறதா என்று பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவதாகத்தான் திட்டம். எங்கே திரும்புவது என்பதை அப்புறம் யோசித்துக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

கேட்டில் வாட்ச்மேன் நிறுத்தினான். "எந்த வீடு சார்?"

இரண்டாவது மாடி, டீச்சர் வீடு என்றேன்.

"ஓ, டீச்சரம்மாவா. நீங்க ஓனரா, வாடகையா, விசிட்டரா சார்?"

ஹெல்மெட்டைக் கழற்றினேன். பின்னால் ஒரு கார் ஹாரன் அடித்தது. யோசிக்க விடாமல் ஹாரன் அடிக்கிற நாய்களை என்ன செய்வது?

"வாடகை" என்றேன்.

அவன் கேட்டைத் திறந்துவிட்டான்.

மேலே அப்பா லிஃப்டுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். இரண்டு தடவை கீழே போய்விட்டு வந்தாராம். இன்னொரு தடவை போகலாம் வா என்று என்னைக் கூப்பிட்டார். நித்திலா அவள் அறையின் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தாள். சும்மா, சாத்திப் பார்ப்பதற்காக.

ஹாலில் என் காலண்டரைத் தரையில் வைத்திருந்தார்கள். சுவர்கள் வெறுமையாக இருந்தன. கோதை அட்டைப்பெட்டி பிரித்துக்கொண்டிருந்தாள்.  நக்கலாகத்தான் கேட்டேன்:

"என்னங்க வீட்டுக்காரம்மா, ஆணி அடிக்கலாமா?"

அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன், அல்லது திட்டுவாள் என்று. அவள் பெட்டிக்குள் கையை விட்டு, சுத்தியலை எடுத்து, என் முன்னால் வைத்தாள்.

"எங்க வேணாலும் அடிங்க. ஆனா கேட்டுட்டு அடிங்க."

எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள். நான் சுத்தியலைப் பார்த்துக்கொண்டே நின்றேன். இவ்வளவு வருடத்தில் அவள் குரல் அப்படி இருந்து நான் கேட்டதில்லை. கோபம் என்றுகூடச் சொல்ல முடியாது. கோபமாக இருந்தால் எனக்குப் பதில் தெரியும்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

பாத்ரூமில் வாட்டம் சரியில்லை என்று நான் அன்றைக்கே சொன்னேன். இன்று காலை தண்ணீர் ஹால் வரைக்கும் வந்தது. கடையிலிருந்து ஆள் கூட்டி வந்து பெயர்த்துப் போட வேண்டும். அந்த ஊதாப் பூவை என்னால் தினமும் பார்க்க முடியாது. வெள்ளையா பழுப்பா என்று கோதையிடம் கேட்டேன். இரண்டும் வேண்டாம், பச்சை என்றாள். பச்சையில் அழுக்குத் தெரியும். சொல்லவில்லை.

அப்புறம் கல்யாணப் போட்டோவைப் பீரோவிலிருந்து எடுத்தேன். ஹாலில் எந்தச் சுவர் என்று கேட்டேன். ஜன்னலுக்கு எதிர்ச்சுவர் என்றாள். எவ்வளவு உயரம் என்று கேட்டேன். கையை வைத்துக் காட்டினாள்.

ஆணி வளைந்துவிட்டது. கான்கிரீட் சுவர். டிரில் இல்லாமல் இறங்காது. இதைக்கூட எவனும் முன்னாலேயே சொல்லித் தொலைக்கவில்லை. நாளைக்குக் கடையிலிருந்து டிரில் கொண்டு வர வேண்டும்.